உப்பில்லாத ஒன்பது வருடங்கள்: ஒரு குறுநாவலின் முதல் வரைவு குறித்து

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

வைகாசி முதல் எழுதிவந்த குறுநாவலின் முதல் வரைவு ஒருவாறு முடிந்துவிட்டது. படியை உங்களில் ஐந்து பேருக்கு அனுப்பியிருந்தேன். தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க வழியில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் எல்லோரையும் இங்கே எழுதச் சொன்னேன். படி கிடைக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண், மணமாகாதவள், இரத்த அழுத்தமும் இருதயப் பலவீனமும் உள்ள தாயை ஒன்பது வருடங்கள் உடனிருந்து பார்த்தவள். தாய்க்கு உப்புக் கூடாது என்றபின் இரண்டு பேருக்கு இரண்டு கறி வைப்பது வீண்வேலையாகப் பட்டதால், தானும் உப்பில்லாமலே சாப்பிட்டுப் பழகிவிட்டாள். தாய் இறந்த முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டி முடிந்து வீடு திரும்பும் மாலையில் கதை தொடங்குகிறது. மறுநாள் புதன்கிழமை. புதன்தோறும் வரும் கிண்ணியாத் தயிர்க்காரர், காய்ச்சலில் ஐந்து வாரம் வராமலிருந்தவர், வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிக்கிறார். தாய் இறந்தது அவருக்குத் தெரியாது. அவள் அறியாத தாயின் இளமைக்காலத்தை, அதாவது திருமணத்துக்கு முன்னர் தாய் பாதை ஏறிக் கிண்ணியாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கற்பிக்கப் போய்வந்த காலத்தை, அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில் அவள் தனியே கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறாள்.

எனக்கே திருப்தி தந்த பகுதி ஒன்றை இங்கே இடுகிறேன். மற்றவற்றைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“அடுப்பில் பருப்புக் கொதித்தது. உப்புப் போத்தலின் மூடி இறுகிக் கிடந்தது. துணியைச் சுற்றித் திருகியபோதுதான் திறந்தது. உள்ளே உப்பு ஈரம் கட்டிக் கல்லாகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி ஒரு துண்டை உடைத்தாள். எவ்வளவு போடுவது? அம்மாவுக்கு எவ்வளவு கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியவில்லை. துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாரையாவது கேட்க வேண்டும் என்பதுபோல வாசற்பக்கம் பார்த்தாள்.”

பனிநாடன் எழுதியது:

உப்புத் துண்டு அத்தியாயத்தை மூன்று முறை வாசித்தேன். அதைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1983, 1985, 1990, 2006 என்று ஆண்டு எண்களை மட்டும் சொன்னாலே இந்த ஊர்க்காரர் முகம் மாறிவிடும். அப்படியிருக்க, அந்த ஆண்டுகள் எல்லாவற்றிலும் திருகோணமலையிலேயே இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நூற்றிருபது பக்கக் கதையில் போர் ஒரு வரியிலும் பெயர் சொல்லி வரவில்லை. நான் கனடாவுக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தூரத்தில் இருப்பவனுக்குப் பழைய காயம்தான் ஊர் என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும், தாயும் மகளும் அடுப்படியில் உப்பைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் இல்லை. உப்புவெளியில் கடற்கரைக்கு இவ்வளவு அருகில் வீடு வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கடந்துபோக முடிந்தது?

தம்பலகாமத்தான் எழுதியது:

பனிநாடன் அண்ணை மூன்றாம் அத்தியாயத்தை அவசரமாக வாசித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் அல்லாமல் வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்குகிறது. அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு சோடித் தோடு, ஒரு மெழுகுதிரி. பை நைந்தால் தாய் புதுப் பை மாற்றுகிறார்; ஆணியை மாற்றுவதில்லை. தாய் இறந்தபின் மகள் இறப்புச் சான்றிதழையும் அதே பைக்குள் வைக்கிறாள். இதற்கு மேலும் போரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டிலும் அந்தப் பை இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாசித்தபோது எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்துதான் தொடர்ந்தேன்.

திருகோணமலையிலிருந்து எழுதுபவர் ஒவ்வொருவரும் சுங்கம் கட்டுவதுபோல ஒரு போர், ஓர் ஆழிப்பேரலை, முடிந்தால் 1964ஆம் ஆண்டுச் சூறாவளியையும் கட்டிவிட்டுத்தான் கதைக்குள் நுழைய வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கோட்டைக்குள் மேயும் மானும் இந்தக் கதைக்குள் வரவில்லை; அதற்காகவே ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர் இரண்டு நாள் வந்து எழுதும் கதைகளில் அந்த மான்கள் படும் பாடு போதும்.

என் குறை வேறு. “உப்புவெளி என்ற ஊரில் உப்பில்லாமல் வாழ்ந்தவள்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயர் தானாகவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதன் தோளைத் தட்டிக் காட்ட வேண்டியதில்லை.

மதுரைவீதி எழுதியது:

எனக்கு ஊரும் தெரியாது, சில சொற்களும் தெரியாது. அதனால் கேட்பதற்குக் கூச்சமில்லை. “பாதை ஏறிப் போனார்” என்ற இடத்தில் மேடான ஒரு வழியில் நடந்து போனார் என்றே நினைத்துக்கொண்டேன். பத்துப் பக்கம் கழித்து அந்தப் பாதை தண்ணீரில் மிதக்கிறது! அந்தியேட்டியும் எனக்குப் புதிது. எங்கள் பக்கம் பதினாறாம் நாள் கருமாதியோடு சரி. அடிக்குறிப்புப் போட முடியாதா?

உப்புக்காற்று எழுதியது:

அடிக்குறிப்புப் போடமாட்டேன், மன்னிக்க வேண்டும். கிழக்கில் ஆற்றையும் களப்பையும் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் பாதை என்றுதான் சொல்வோம். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அந்த வழியால் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போனவர்கள் பாதைக்காகக் காத்து நின்றவர்கள்தான். பத்துப் பக்கம் நீங்கள் தரையில் நடந்துவிட்டுப் பிறகு தண்ணீரில் நிற்பதாக உணர்ந்தீர்கள் என்றால், அந்தத் தடுமாற்றம் கதைக்கு நல்லது என்றே எனக்குப் படுகிறது.

உப்புவெளி வரியை எடுத்துவிட்டேன். பனிநாடன் அண்ணைக்கு நானும் தம்பலகாமத்தாருடைய பதிலையே சொல்வேன். பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியதற்குமேல் எனக்கு எழுதத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியா வாசகி எழுதியது:

நான் கிண்ணியாவில் பிறந்து அங்கேயே கற்பிப்பவள். தயிர்க்காரரைப் பற்றி யாரும் இதுவரை பேசவில்லை என்பதால், அந்த வேலை எனக்கென்று ஒதுக்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அக்கா, உங்களிடம்தான் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் முஸ்லிம் ஊரிலிருந்து ஒருவரைத் தமிழ்க் கதைக்குள் அழைத்தால் அவர் நல்லவராகவே வருகிறார். வாசலில் நிற்கிறார், தொப்பியைச் சரிசெய்கிறார், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்கிறார், கதாநாயகிக்குத் தேவையான உண்மையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கதை கேட்பதேயில்லை. நல்லவராகக் காட்டப்படுவது மரியாதைதான்; ஆனால் ஒருவரைக் கோபிக்கவும் கடன் கேட்கவும் பொய் சொல்லவும் விடாத மரியாதையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? உங்கள் தயிர்க்காரர் தபாற்காரராக இருந்திருந்தாலும் கதை அப்படியே நடந்திருக்கும். தயிர் அவருக்குத் தொழிலாக இல்லை, கதைக்குள் நுழைய அனுமதிச் சீட்டாக இருக்கிறது.

அதனால்தான் தொழிலிலும் பிழை வந்திருக்கிறது. அவர் வெறுஞ் சட்டிகளைத் திருப்பி வாங்கிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தயிர் போட்டபோது பழைய சட்டியை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. எருமைப் பாலைக் காய்ச்சி, கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, சட்டியில் ஊற்றி உறையிடுவோம். புதுச் சட்டியின் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் சட்டியைச் சரித்தாலும் நகராத கட்டித் தயிர் கிடைக்கிறது. ஒருமுறை தயிர் ஊறிய மண்ணில் பழைய புளிப்பு நின்றுவிடும். வாங்கியவர் வீட்டில்தான் அந்தச் சட்டிகள் குவியும். காகத்துக்குத் தண்ணீர் வைக்க, நாய்க்குச் சோறு போட, பூக்கன்று வைக்க. ஒன்பது வருடம் புதன்தோறும் தயிர் வாங்கிய வீட்டின் கிணற்றடி எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கதையில் அந்தக் குவியல் இல்லை.

இன்னொன்று. ஐந்து வாரம் காய்ச்சலா? தயிர்க்காரர் வராமலிருப்பதற்குக் காய்ச்சலைவிடப் பெரிய காரணங்கள் எங்கள் பக்கம் உண்டு. மேய்ச்சல் தரை இல்லை என்று மாட்டுக்காரர்கள் மாவட்டம் முழுவதும் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முன்னர் மாடு போன இடத்தில் இன்று வேலியோ வயலோ இருக்கிறது. பயிருக்குள் மாடு இறங்கினால் வழக்கு, தண்டம். எருமைகளை விற்றுவிட்டு, பிறர் போட்ட தயிரை வாங்கி வந்து பழைய வாடிக்கையாளருக்கே விற்கும் இருவரை எனக்குத் தெரியும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லமாட்டார்கள். இழப்பைப் பற்றிய கதை என்கிறீர்களே, அந்த மனிதருக்கும் ஓர் இழப்பைக் கொடுங்கள். தயவுசெய்து கடலில் அடித்துச் செல்லப்பட்ட மனைவியாக அது இருக்க வேண்டாம்.

பழைய ஆசிரியர் எழுதியது:

கல்வெட்டு அத்தியாயத்தைப் பற்றி நான் பேசியாக வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஊர்ச் செத்த வீடுகளுக்குக் கல்வெட்டுப் பாட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அந்த அத்தியாயத்தில் வரும் பண்டிதர் என்னைப் பார்த்து எழுதப்பட்டவர் அல்லர் என்று ஆசிரியர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் நம்பப்போவதில்லை.

மதுரை அன்பருக்காக: அந்தியேட்டி நாளில் வருபவர்களுக்குக் கொடுக்கவென்று இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூலையே கல்வெட்டு என்கிறோம். அதில் திதி வெண்பா இருக்க வேண்டும். வெண்பாவுக்கு மொத்தம் பதினைந்து சீர். ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி ஆகிய நான்கையும் அதற்குள் அடக்கியபின் இறந்தவருக்கு மிஞ்சுவது பெயரும் ஊரும்தான். பெயர் எதுகைக்குப் பொருந்தாவிட்டால் அதிலும் ஓர் எழுத்தை வெட்டியோ ஓர் அடைமொழியை ஒட்டியோ ஆக வேண்டும். அடுத்து வருவது மக்கள் புலம்பல். சொல்லிவிடுகிறேன், அதற்கென்று என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. தாயை இழந்த மகளுக்கு ஆறு விருத்தம், தந்தையை இழந்த மகனுக்கு ஐந்து. பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை, அழுதவர்கள்கூட உண்டு.

ஆகவே, “அம்மாவைப் பற்றி நீங்களே நாலு வரி எழுதித் தாருங்கள்” என்று அச்சகத்தில் கேட்டபோது, அவள் எழுதிக் கொடுத்தது மருந்து நேரங்களின் பட்டியலாக அமைந்துவிட்டது என்ற இடத்தில் என் வாசிப்பு நின்றுவிட்டது. ஒன்பது வருடத்தில் அவளுக்குத் தெரிந்த தாய் அவ்வளவுதான். அந்தப் பட்டியலை வாங்கி வைத்துவிட்டுப் பண்டிதர் தன் கொப்பியைத் திறக்கிறாரே, அதைவிடக் கடுமையான வசை எனக்குக் கிடைத்ததில்லை. ஆசிரியர் கருணையோடுதான் எழுதியிருக்கிறார். அதனால் வலி குறையவில்லை.

கன்னியாவில் மட்டும் ஒரு திருத்தம் சொல்லலாம். இராவணன் தன் தாய்க்கு ஈமக் கடன் செய்வதற்காக உண்டாக்கிய ஏழு கிணறுகள் அவை என்பது ஐதிகம். மகன் தாய்க்குச் செய்த இடம். உங்கள் கதையில் மாமாவின் மகன் கிரியை செய்ய, பெற்ற மகள் ஓரமாக நிற்கிறாள். அந்த முரணை நீங்கள் ஒரு பந்தி முழுக்க விளக்கியிருக்கிறீர்கள். விளக்கத்தை நீக்கிவிட்டு, அதன்பின் வரும் சிறு செய்தியை மட்டும் விடுங்கள்: ஏழு கிணற்றுத் தண்ணீருக்கும் சூடு வேறு வேறு, சிறுவயதில் தாயே அள்ளி ஊற்றியதால் எது எந்தச் சூடு என்று அவளுக்குத் தெரியாது, வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கிணற்றில் தொடங்குவது என்று நிற்கிறாள். உப்புத் துண்டோடு நிற்பதற்கு அது நல்ல முன்னோட்டம்.

தம்பலகாமத்தான் எழுதியது:

கிண்ணியா வாசகி சொன்ன எருமை விற்ற செய்தியை வாசித்ததிலிருந்து ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தயிர் பழகிய நாக்குக்கு மாடு மாறினால் தெரியும். அறுவடைக்குப் பின் வயலில் தாள் மேய்ந்த எருமையின் பாலும் குளக்கரைப் புல் மேய்ந்த எருமையின் பாலும் ஒன்றல்ல என்று என் அம்மம்மா சொல்வார். வாயில் வைத்தே சொல்லிவிடுவார். ஒன்பது வருடம் உப்பில்லாமல் சாப்பிட்ட கிழவியின் நாக்கு எவ்வளவு கூர்மையாகியிருக்கும்? தயிர்க்காரர் யாரை ஏமாற்றினாலும் அந்தத் தாயை ஏமாற்றியிருக்க முடியாது.

இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். கதை உங்களுடையது.

உப்புக்காற்று எழுதியது:

மூன்று வாரம் இந்தப் பக்கம் வராததற்கு மன்னிக்கவும். கடைசி ஐந்து அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

கிண்ணியா வாசகி எழுதியதை வாசித்த அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த நாள், சொன்னதெல்லாம் சரி என்பதால்தான் கோபம் வந்தது என்று விளங்கியது. தாயின் இளமைக்காலம், பள்ளிக்கூடம், பாதைப் பயணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தயிர்க்காரர் இப்போது யாருடைய இரகசியத்தையும் சுமந்து வருவதில்லை. காசு கேட்க வருகிறார். புதிய பகுதி இது:

“‘நாலு சட்டிக் காசு பாக்கி கிடக்கு, புள்ள. அம்மா சொல்லல்லயா?’ என்றார்.

அம்மா இல்லை என்று அவள் சொன்னாள். எங்கே போயிருக்கிறார் என்று அவர் கேட்டார். அவளுக்கு அந்தச் சொல்லை மறுபடியும் சொல்ல வாய் வரவில்லை. ‘நேற்றுக் கன்னியாவுக்குப் போய் வந்தோம்’ என்றாள்.

கன்னியா என்ற சொல் போதுமாயிருந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பெட்டியின் மூடியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். அவள் உள்ளே போய்க் காசை எடுத்து வந்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாங்கி, எண்ணி, சட்டைப்பையில் வைத்தார். பிறகு, கிணற்றடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: ‘எருமையெல்லாம் வித்து ரெண்டு வருசம். இது வேற ஆள் போடுற தயிர். ஒருத்தருக்கும் தெரியா. உங்கட அம்மாக்கு மட்டும் முதல் சட்டியிலேயே தெரிஞ்சுட்டு.’

‘அம்மா என்ன சொன்னவ?’

‘ஒண்டும் சொல்லல்ல. அடுத்த கிழமையும் வாங்கினா.’

இரண்டு வருடமாக அதே சட்டியிலிருந்து அவளும் சாப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.”

ஐந்து வாரக் காய்ச்சலும் போய்விட்டது. தயிர் கொடுப்பவர் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தியதால் அவர் வராமலிருந்தார். நாலு சட்டிக் காசு அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. பிறகு வரும் புதன்கிழமைகளில் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. எந்தச் சட்டி யார் போட்டது என்று நாக்கால் கண்டுபிடிக்க அவர் அவளுக்குப் பழக்குகிறார்; அவள் பெரும்பாலும் பிழையாகவே சொல்கிறாள்; அவர் எரிச்சற்படுகிறார். அந்த எரிச்சலை எழுதும்போதுதான் முதன்முறையாக அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

பாலமும் போய்விட்டது. கடைசிக் காட்சியில் அவள் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. தயிரில் உப்பைக் கரைத்து வாயில் வைக்கிறாள். உப்புக் கூடிவிட்டது. கூடிவிட்டது என்று அவளுக்கே தெரிகிறது. அங்கே நிறுத்திவிட்டேன்.

பழைய ஆசிரியர் ஐயாவுக்கு: கன்னியாப் பந்தி நீக்கப்பட்டது. பண்டிதர் நீங்கள் அல்லர். இன்னொரு முறையும் சத்தியம் செய்கிறேன்.

பனிநாடன் எழுதியது:

கதவுக்குப் பின்னால் தொங்கும் பையைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மெழுகுதிரியை எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. என் கேள்வியை மீளப் பெற்றுக்கொள்கிறேன். முழுவதுமாக அல்ல, பெரும்பகுதியை.

தலைப்பு இன்னும் வைக்கவில்லையா? “பாதை” என்று வைக்கலாமே.

உப்புக்காற்று எழுதியது:

பாதையே இப்போது கதைக்குள் இல்லை, அண்ணை. “புதன்கிழமைத் தயிர்” என்று எழுதி வைத்திருக்கிறேன். அழகில்லைதான், ஆனால் அந்த வீட்டில் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

மதுரைவீதி எழுதியது:

நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட ஒரே சொல்லையும் எடுத்துவிட்டீர்களா!

கிண்ணியா வாசகி எழுதியது:

காசை எண்ணிச் சட்டைப்பையில் வைக்கும் இடத்துக்காக உங்களுக்கு எல்லாம் மன்னிக்கப்பட்டது. ஒரேயொரு சிறு திருத்தம்: கிணற்றடியில் சட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்க முடியாது, அக்கா. இடுப்பளவு வந்ததும் சரிந்துவிடும். பல வரிசையாகத்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை பட்டணத்துக்கு வருகிறேன். திருத்திய படியை அச்செடுத்து வையுங்கள். ஒரு சட்டி கொண்டு வருகிறேன். யார் போட்டது என்று கேட்கமாட்டேன். சட்டியைத் திருப்பித் தரவும் வேண்டாம்.